விதி நின்ற இடம்

வள்ளல் அழகப்பர் 1947இல் கல்லூரி கண்ட காரைக்குடியில் மேல்நிலை வகுப்புப் பயின்றபோது, தொகையிடலை நாங்கள் மனப்பாடமாகவே அறிந்திருந்தோம்: அடுக்குடன் ஒன்றைக் கூட்டு, வந்த எண்ணால் வகு. ஒருநாள் எக்ஸின் தலைகீழியைத் தொகையிடப் பணித்தார் ஆசிரியர். அடுக்கு −1, ஒன்றைக் கூட்டவே, வகுக்கும் எண் சுழியமாயிற்று! கரும்பலகைமுன் நாணி நின்றோம்.

ஆசான் கடியவில்லை, வளைவரை வரைந்தார். “இதன்கீழ் 1 முதல் 2 வரையுள்ள பரப்பே 2 முதல் 4 வரையும், அகலம் இருமடங்கு, உயரம் பாதி” என்றார். எக்ஸ் இரட்டிக்குந்தோறும் பரப்பில் 0.693 கூடுகிறது. பெருக்கலைக் கூட்டலாக்குவது மடக்கையன்றோ! ஆகவே தொகையீடும் அதுவே. 1647இல் செயிண்ட் வின்சென்ட் வெளியிட்ட பரப்புண்மை அன்று எங்களுக்கும் புலனாயிற்று.

மாணவச் செல்வங்களே, விதி நின்றுபோகும் இடத்தில் வெட்கித் திரும்பாதீர்கள், வினவுங்கள். எங்களுக்கு மடக்கை விளங்கியது அங்கேதான்.