வால்டன் குளக்கரையில் ஒரு பத்தடி வீடு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ரயில் ஏறினால், முக்கால் மணி நேரத்தில் கன்கார்டு என்ற சிற்றூர் வந்துவிடும். அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் வால்டன் குளம். கோடையில் துண்டும் சாப்பாட்டுக் கூடையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து நீந்துகிறார்கள். 'இதைப் பார்க்கவா உலகமெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்?' என்று முதலில் தோன்றும்.

வாகனங்கள் நிறுத்தும் இடத்தருகே ஒரு சின்ன மர வீடு. 10 அடி அகலம், 15 அடி நீளம். உள்ளே ஒரு கட்டில், மேசை, மூன்று நாற்காலிகள். ஹென்றி டேவிட் தோரோ இங்கே கட்டி வாழ்ந்த வீட்டின் மாதிரி இது. தனக்குப் பிடித்தபடி வாழ ஆசைப்படுகிற பலருக்கும் இன்றுவரை அவர்தான் முன்னோடி.

தோரோ பென்சில் செய்பவரின் மகன். ஹார்வர்டில் படித்தவர். கிடைத்த ஆசிரியர் வேலையை, பிள்ளைகளை அடிக்கச் சொன்னதால் சில வாரங்களிலேயே விட்டார். 1842-ல் அவருடைய அண்ணன் ஜான், சவரக்கத்தி கீறிய சின்னக் காயத்தால் ரண ஜன்னி வந்து இறந்துபோனார். அண்ணனும் தம்பியும் 1839-ல் படகில் போன பயணத்தைப் புத்தகமாக எழுதவேண்டும் என்பது தோரோவின் தவிப்பு. அதற்கு அமைதியும் நேரமும் வேண்டும். நண்பர் எமர்சனுக்குச் சொந்தமான இந்தக் கரை நிலத்தில், 1845 ஜூலை 4 அன்று குடியேறினார். அப்போது வயது 27.

வீடு கட்டிய செலவு 28 டாலர், பன்னிரண்டரை சென்ட். ரயில் பாதைத் தொழிலாளி ஒருவரின் பழைய குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்து, அந்தப் பலகைகளைப் பயன்படுத்தினார். ஆணி வாங்கியதுவரை கணக்கு எழுதினார். ஆண்டுக்குச் சுமார் ஆறு வாரம் கூலி வேலை செய்தால் தன் தேவைக்குப் போதும், மீதி நாளெல்லாம் தனக்கே என்று கண்டுகொண்டார்.

இது துறவு அல்ல. நடக்கிற தூரத்தில் அம்மா வீடு. அடிக்கடி போய் வந்தார். 'இதென்ன காட்டு வாழ்க்கை?' என்று இன்றும் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால், ஊரைவிட்டு ஓடுவது அவர் நோக்கமே அல்ல. எது தேவை, எது தேவையில்லை என்று தானே பார்த்துத் தெரிந்துகொள்ள நினைத்தார்.

குளத்துக்கு அடியே கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. யாரும் அளந்து பார்த்ததில்லை. 1846 குளிர்காலத்தில் குளம் உறைந்தபோது, பனியில் துளைகள் போட்டு, கல் கட்டிய கயிற்றை இறக்கினார் தோரோ. ஆழம் 102 அடி. இன்றைய அளவீடும் ஏறக்குறைய அதேதான்.

அடுத்த குளிர்காலத்தில் வியாபாரிகளின் ஆட்கள் வந்து குளத்துப் பனியைப் பாளம் பாளமாக வெட்டினார்கள். அப்போது இந்தப் பகுதிப் பனிக்கட்டி கப்பலேறி இந்தியாவரை போனது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். மெட்ராஸ்காரர்களும் தன் குளத்துத் தண்ணீரைக் குடிப்பார்கள் என்று தோரோ எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள். அண்ணனுக்கான புத்தகத்தின் கைப்பிரதி தயாரானது. தோரோவும் கிளம்பிவிட்டார். வந்த ஒரே வாரத்தில் வாசலிலிருந்து குளம்வரை தன் கால்பட்டே ஒரு தடம் விழுந்திருந்ததை அவர் கவனித்திருந்தார். பிடித்த வாழ்க்கையும் பழக்கமாகிவிடக் கூடாது என்று நினைத்தவர் அவர்.

அந்தப் புத்தகம் 1849-ல் வந்தது. அச்சடித்த 1000 பிரதிகளில் 706 விற்காமல் அவரிடமே திரும்பின. அச்சுக்கூலிக் கடனையும் அவர்தான் அடைத்தார். அதற்காக எழுத்தை விட்டுவிடவில்லை. 1854-ல் 'வால்டன்' வெளியானது.

கரையோரமாக நடந்தால், அசல் வீடு இருந்த இடத்தைக் கல்தூண்கள் காட்டுகின்றன. பக்கத்தில் ஒரு கற்குவியல். வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டு, சற்று நின்று, வந்த வழியே திரும்புகிறார்கள். அவரவர் வீட்டுக் கணக்கு அவரவருக்காகக் காத்திருக்கிறது.