வாடைக்கு அடுத்த சொல்

அக்டோபர் 14, 2025, செவ்வாய்
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு இன்றோடு முடிகிறது. காலையிலிருந்து கடையில் இதே பேச்சு. லாரன்ஸ் ரோட்டிலிருந்து மூன்று பேர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும்; இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு தேறவில்லை. நன்றாக ஓடுகிற பெட்டியைப் பழசு என்று சொல்லித் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. இரண்டுக்கும் லினக்ஸ் போட்டுத் தருவதாகச் சொன்னேன்.

மாலையில் சிதம்பரத்திலிருந்து ஒரு போன். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. "தம்பி, பழைய கம்ப்யூட்டர் பார்ப்பீங்கன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் எழுதினது உள்ள இருக்கு. பதினஞ்சு வருஷமா போடவே இல்ல. நாளைக்கு ஸ்விட்சப் போட்டுப் பார்த்துட்டுச் சொல்லவா?"

"வேண்டாம்மா. நான் வர்ற வரைக்கும் கரண்டே கொடுக்காதீங்க."

அக்டோபர் 16, வியாழன்
சிதம்பரம்

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகப் பஸ். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது தூறல்.

அண்ணாமலை நகரில் ஆசிரியையின் வீடு. அவருடைய கணவர் காலமாகி ஏழு வருடம் ஆகிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் வரை கடற்கரையில் நடந்து நடந்து மீனவர் பேச்சில் உள்ள சொற்களைச் சேர்த்தவர். காற்றுக்கு, நீரோட்டத்துக்கு, மீனுக்கு, வலைக்கு, படகின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்களிடம் உள்ள சொற்கள். 1998-லிருந்து 2003 வரை ராத்திரி உட்கார்ந்து பேஜ்மேக்கரில் அடித்திருக்கிறார். 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. அவருக்குச் சொல் சொன்னவர்களில் சிலர் அதில் போய்விட்டார்கள். அதன்பிறகு அந்தக் கோப்பை அவர் திறக்கவில்லையாம்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். பென்டியம் 2. மதர்போர்டில் இரண்டு கெப்பாசிட்டர் தலை வீங்கியிருந்தன. பொத்தான் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. கரண்ட் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றிக்கொண்டேன். பிஸ்கட் டப்பா ஒன்றில் 14 ஃப்ளாப்பிகள், ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் உயிர்வரிசை, ககரம், சகரம் என்று சீட்டு. வகரம் என்று எழுதிய கடைசித் தட்டில் பூஞ்சை. உப்புக்காற்றும் மழையீரமும் சேர்ந்தால் இந்தப் பக்கத்தில் எதுவும் தப்பாது.

காபி கொடுத்துவிட்டு அம்மா, ஏடு தேடிப் பதிப்பித்த உ.வே.சா.வைப் பற்றிப் பேசினார். 1924 முதல் 1927 வரை இதே ஊரில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்தக் கல்லூரியும் சேர்ந்துதான் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனது. "ஏட்டுல புள்ளி இருக்காது தம்பி. ரகரமா காலான்னு தெரியாது. படிச்சுப் படிச்சுத்தான் கண்டுபிடிக்கணும்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வார்த்தை மனத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 18, சனி

ஹார்ட் டிஸ்கை ஐடிஇ-யுஎஸ்பி இணைப்பியில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ ஓட்டினேன். இதில் எனக்கு ஒரே ஒரு விதி உண்டு: மூலத்தை பூட் செய்யவே கூடாது. முதலில் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுக்க வேண்டும். பிறகு எதைச் செய்தாலும் நகலில்தான். டிடிரெஸ்க்யூ எளிதில் படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கிற இடங்களுக்கு மறுபடி மறுபடி திரும்பி வரும். நான்கு மணி நேரத்தில் முடிந்தது. படிக்க முடியாமல் போனது ஒரு சில செக்டர்கள் மட்டும். அந்தக் காலத்தில் ஓர் ஆள் சம்பளத்துக்கு விற்ற வட்டு இப்போது ஒரு பென்டிரைவின் மூலையில் கிடக்கிறது.

ஃப்ளாப்பிகளின் பாதுகாப்புத் துளையைத் திறந்து வைத்துவிட்டு யுஎஸ்பி டிரைவில் ஒவ்வொன்றாகப் போட்டேன். 13 படித்தன. 14-ஐ இன்று தொடவில்லை. பூஞ்சை படிந்த தட்டு டிரைவின் தலையையும் கெடுத்துவிடும்.

அக்டோபர் 22, புதன்

விடிய விடிய மழை. கரண்ட் இல்லை. மதியத்துக்கு மேல் முதுநகரிலிருந்து ஒரு சீட்டுக் கம்பெனிக்காரர் குடையோடு வந்தார். 1993-இல் யாரோ டர்போ பாஸ்கலில் எழுதிக் கொடுத்த கணக்கு நிரல். பழைய 486 உயிரை விட்டது. வேறு பெட்டியில் போட்டால் 'ரன்டைம் எரர் 200', பூச்சியத்தால் வகுத்த பிழை என்று நின்றுவிடுகிறது. நிரலில் அப்படி வகுக்கும் இடமே இல்லை.

காரணம் அழகானது. நிரல் தொடங்கும்போதே, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள் வெற்றாக எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணிப் பார்க்கும். ஒரு துடிப்பு 55 மில்லி விநாடி. எண்ணிக்கையை 55-ஆல் வகுத்து கணினியின் வேகத்தைத் தெரிந்துகொள்ளும். ஈவு 65,535-க்கு மேல் போகாது என்று நம்பி எழுதியது. 200 மெகாஹெர்ட்ஸ் அளவு வந்ததும் மேலே போய்விட்டது; அதையும் பூச்சியத்தால் வகுத்த பிழை என்றே காட்டுகிறது. பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்து வைத்தேன். முதல் தடவையிலேயே ஓடியது. அவர் முகத்தைப் பார்த்ததும் மழையே மறந்துபோனது.

அக்டோபர் 25, சனி

அம்மாவின் வட்டு நகலை விர்ச்சுவல்பாக்ஸில் எழுப்பிப் பார்த்தேன். நீலத்திரை. விர்ச்சுவல்பாக்ஸ் கட்டளைகளை நம் செயலியிடமே நேராகக் கொடுத்துவிடும். விண்டோஸ் 98-ஐ எழுதியவர்கள் நினைத்துப் பார்த்த செயலியோ இன்றையது அல்ல. 512 எம்பிக்கு மேல் ராம் கொடுத்தாலே 98 தடுமாறும். எனவே 86பாக்ஸுக்குப் போனேன். அது பழைய மதர்போர்டு, பயாஸ், பென்டியம் எல்லாவற்றையும் மென்பொருளாலேயே நடித்துக் காட்டும். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் உள்ளே இருக்கும் 98-க்குத் தான் 2025-இல் இருப்பது தெரியாது.

மாலை 6.40-க்கு அந்த மேகமும் சன்னலும் திரையில் வந்தன. கடையில் வேலை பார்க்கும் பெண் 2002-இல் பிறந்தவள். "சார், இதுதானா அது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மேசையில் 'சொல்' என்று ஒரு கோப்புறை. பேஜ்மேக்கர் திறந்தது. தமிழ் வந்தது.

தமிழ் அடிக்கும் மென்பொருள் மட்டும் பூட்டைக் கேட்டது. அந்தக் காலத்துத் தமிழ் மென்பொருள்களில் பல, பிரிண்டர் போர்ட்டில் செருகும் ஒரு சிறு கட்டையோடு வந்தன. அது இல்லாவிட்டால் இயங்காது. நல்லவேளை, எழுத்துருக் கோப்புகள் விண்டோஸுக்குள் தனியாக இருந்தன. எழுதத்தான் பூட்டு வேண்டும், படிக்க வேண்டாம்.

அக்டோபர் 28, செவ்வாய்

இயந்திரம் எழுந்துவிட்டது. அதோடு வேலை முடிந்தது என்றுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் நினைப்பார்கள். பத்து வருடம் முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பேஜ்மேக்கர் பக்கங்களிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து இன்றைய கணினியில் ஒட்டினேன். வந்தது ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை.

அன்றைய கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகள் இருந்த அறைகளில் நாம் தமிழ் உருவங்களைக் குடிவைத்தோம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினி நினைவில் வைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி, அவ்வளவுதான். வேறோர் எழுத்துருவில் அதே 'தமிழ்' வேறு எண்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வரிசை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தாம், தாப் என்று இரண்டு தரங்களையும் ஒரு விசைப்பலகையையும் கொண்டுவந்தது. இணையத்தில் எழுதியவர்கள் திஸ்கி என்று இன்னொரு வரிசை வைத்திருந்தார்கள். யூனிகோடில் 1991-லிருந்தே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்த பிறகுதான் தமிழ் யூனிகோடை விண்டோஸ் தானாகக் காட்டியது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில். நடுவில் அடித்த திருமண அழைப்பிதழ், கோயில் மலர், ஆய்வேடு, கவிதைத் தொகுப்பு எல்லாம் ஏதோ ஓர் எழுத்துருவின் எண்களாகக் கிடக்கின்றன. எழுத்துரு போனால் எண்கள் மட்டும் மிஞ்சும்.

தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்துக்கு இந்த ஆபத்து முன்பே புரிந்திருந்தது. லோசானில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது. முதலில் அக்கால எழுத்துருக்களில் வந்த நூல்களைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். சென்னையில் நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் மாற்றி, சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் எல்லாம் அந்தத் தேவையில் பிறந்தவை. அம்மாவின் கோப்பை இரண்டிலும் போட்டேன். இந்த எழுத்துருவின் வரிசை எதற்கும் பிடிபடவில்லை.

நாமே அட்டவணை போட வேண்டியதுதான்.

நவம்பர் 2, ஞாயிறு
சிதம்பரம்

98-க்குள்ளேயே எண் 33 முதல் 255 வரை எல்லா உருவங்களையும் அந்த எழுத்துருவில் வரிசையாக வைத்துப் பெரிதாக அச்செடுத்தோம். கடைப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போனேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் மடிக்கணினியில் ஏற்றினாள். 'கு' தனி உருவம், 'கூ' தனி, 'டி' தனி. 'ளி' மட்டும் ளகரமும் கொக்கியும் சேர்த்து இரண்டாக.

பழைய முறையில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்கும். 'கொண்டல்' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம் முதலில் நிற்க வேண்டும். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக அதன் பின்னால் வர வேண்டும். அவள் எழுதிய நிரல் அதைச் சரியாகச் செய்தது. கொண்டல், சோழகம், கச்சான். கிழக்கு, தெற்கு, மேற்கு என்று காற்றுகள் வரிசையாக வந்தன.

பிறகு ஒரு மீன் மாட்டிக்கொண்டது. கெளிறு. கொம்பு, ககரம், ளகரம் என்று பார்த்ததும் நிரல் அதைக் 'கௌ' என்று எடுத்துக்கொண்டது. கொக்கி மட்டும் அநாதையாக ஒரு புள்ளிவட்டத்தில் தொங்கியது. அந்த எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே உருவம், ஒரே எண். எது எது என்று கணினி எப்படி அறியும்? பக்கத்தில் கொக்கியோ புள்ளியோ வந்தால் ளகரம் என்று ஒரு விதி சேர்த்தோம். அதிலும் அடங்காதவற்றை அம்மா ஒவ்வொன்றாகப் படித்துப் பிரித்தார். "நான் அன்னிக்குச் சொன்னேன்ல" என்றார். ரகரமா காலா.

மூன்று மணிக்கு முதல் 13 தட்டுகளும் முழுசாக மாறின. அவர் போனில் கோப்பைப் போட்டுக் கொடுத்தேன். தேடும் இடத்தில் 'அணியம்' என்று மெதுவாகத் தட்டினார். படகின் முன்தலை. கணவர் எழுதிய பொருளும், அந்தச் சொல்லைச் சொன்ன ஊரின் பெயரும் உடனே வந்து நின்றன. அவர் பேசவில்லை. 'ஓங்கல்' என்று அடுத்ததைத் தட்டினார்.

நவம்பர் 6, வியாழன்

பதினான்காவது ஃப்ளாப்பி. உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய தட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு வெற்று உறைக்குள் மாற்றினேன். 2,880 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு டிரைவின் தலையைத் துடைத்தேன். ராத்திரி பதினொன்று வரை டிடிரெஸ்க்யூ போராடியது. பாதிக்கு மேல் ஒன்றும் வரவில்லை. பூச்சே உரிந்துவிட்டது; அங்கே இனி படிக்க எதுவும் இல்லை.

பாதிக் கோப்பை பேஜ்மேக்கர் திறக்க மறுத்தது. ஆனால் எங்களிடம் அட்டவணை இருந்தது. கிடைத்த செக்டர்களின் எண்களை நேராக அதில் கொடுத்தோம். பக்க அமைப்புக் குப்பைக்கு நடுவே சொற்கள் எழுந்தன. வஞ்சிரம், வலை, வாடை. வாடையின் விளக்கம் பாதி வரியில் நின்றது. ஹார்ட் டிஸ்கில் இருப்பது பழைய பிரதி. அதில் வகர வரிசையே இல்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் டிடிபி நடத்திய ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி பரணில் இருக்கும். பழைய இரும்புக்கு எடைபோடும் முன் அதன் எழுத்துருக் கோப்புறையையாவது நகலெடுத்து வையுங்கள் என்று கடை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நகலெடுத்துத் தரக் காசு வாங்கப் போவதில்லை.

நவம்பர் 8, சனி
சிதம்பரம்

வராத பாதியைப் போனில் சொல்ல மனமில்லாமல் நேரில் போனேன். கேட்டுவிட்டு அம்மா எழுந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்தார். கணவரோடு போன இடங்களில் காதில் விழுந்ததை வைத்து, வாடைக்குப் பிறகு வர வேண்டியதை எழுத ஆரம்பித்தார். வாளை. விலாங்கு. வேளா. ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு விரல் இடம் விட்டார்.

"வேளாவப் பத்தி அவர் ஒரு பக்கம் எழுதியிருந்தார் தம்பி. ரம்பம் மாதிரி மூக்கு இருக்கும்ல, அதுக்கு ஒரு தனிச் சொல் இருந்துது. எனக்கு வரமாட்டேங்குது."

வேளா இப்போது வலையில் விழுவதே அரிது. பிடிக்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் கிள்ளையில் ஒரு பெரியவர் இருக்கிறாராம். எண்பதைத் தாண்டியவர், சின்ன வயதில் வேளா இழுத்த கை. காது மந்தம், பேச்சு தெளிவு. மழை விட்டிருந்தால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறோம். பெண்ணும் வருகிறேன் என்றாள். போனில் பதிவு செய்ய இடம் காலி பண்ணிக்கொண்டிருக்கிறாள்.