கடைசிக்கு முந்திய காதல்

தில்லியில் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்குக் கடல் என்பது விடுமுறையில் மட்டும் காணக்கிடைக்கும் செல்வமாகிவிட்டது. அதனை நம் கூடத்துக்கே கொண்டுவந்தது ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர். 2012ஆம் ஆண்டு ஃபுஜி தொலைக்காட்சியில் 11 பகுதிகளாக வெளிவந்த அதன் பெயரைத் தமிழில் 'கடைசிக்கு முந்திய காதல்' எனலாம். எழுதியவர் ஒக்கதா யோஷிகசு.

கதை எளியது. தோக்கியோவில் தொலைக்காட்சி நாடகங்களைத் தயாரிக்கும் சியாக்கிக்கு வயது 45, மணமாகாதவர். முதுமையில் ஒரே வீட்டில் கூடி வாழ்வோம் என்று இரு தோழியரோடு திட்டமிடுகிறார். காமகுரா என்னும் கடற்கரையூரில் பழைய வீடொன்றும் அமைகிறது. தோழியரோ பின்வாங்குகின்றனர், அவர் தனியே குடியேறுகிறார். அடுத்த வீட்டில் வாஹெய்: வயது 50, மனைவியை இழந்தவர், நகராட்சியின் சுற்றுலாப் பிரிவில் அலுவலர். பார்த்த நாள் முதல் இருவருக்கும் ஓயாத வாய்ச்சண்டை. கோய்சுமி கியோக்கோவும் நாகாய் கீச்சியும் அச்சண்டையை நடித்துக்காட்டும் அழகில் சிரித்துச் சிரித்து நம் கண்கள் நிறைந்துவிடுகின்றன.

அவ்வூரின் சிறு ரயிலும் ஒரு கதைமாந்தரே. 1902இல் ஓடத் தொடங்கி, 1910இல் காமகுராவரை நீண்ட அந்த ஒற்றைத் தண்டவாளப் பாதையின் நீளம் பத்துக் கிலோமீட்டரே. வீடுகளின் கொல்லைப்புறங்களை உரசுவதுபோல் ஊர்ந்து, திடீரெனக் கடலைக் காட்டும். அவ்விருவரும் இறங்கும் கோக்குராக்குஜி நிலையத்தின் பெயர்ப்பொருள் 'பேரின்ப உலகின் கோயில்'. சொர்க்கத்தின் பெயர் தாங்கிய நிலையத்தில் இறங்கி, வாதாடிக்கொண்டே வீடு திரும்பும் இருவரைக் காண எவருக்குத்தான் ஆசை பிறவாது!

நாமும் ஒரு காலத்தில் அப்படித் திட்டமிட்டவர்களே. ஓய்வுபெற்றபின் தரங்கம்பாடிக் கடலோரத்தில் அடுத்தடுத்து மூன்று வீடுகள் என்று மூன்று குடும்பங்கள் பேசி வைத்திருந்தோம். ஒரு குடும்பம் மகனோடு அமெரிக்கா சென்றது. மற்றொன்றில் கணவர் மறைந்தார். எஞ்சியவர் நாமே. தனியே அங்குச் சென்று யாரோடு பேசுவது என்னும் அச்சம் நம்மைத் தில்லியிலேயே நிறுத்திவிட்டது.

இத்தொடர் 2014இலும் 2025இலும் மீண்டும் வந்தது. இறுதியாகக் கண்டபோது சியாக்கிக்கு 59, வாஹெய்க்கு 63. இன்னும் மணம் செய்துகொள்ளவில்லை, சண்டையும் ஓயவில்லை. இதுவே கடைசி என்று எதனையும் முடித்துவிடாதே, ஒன்று இன்னும் மீதமிருக்கிறது என்பதன்றோ அத்தலைப்பின் பொருள்!

தண்ணீர்த் தொட்டிக்காக நம்மோடு நாளும் பூசலிடும் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் நேற்று ஒரு கிண்ணம் கீர் கொடுத்தனுப்பினார். தரங்கம்பாடிக்குச் செல்வோமோ, மாட்டோமோ; கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருக்கிறோம்.