"யூடியூப்ல எவ்வளவு சார் வருது?" – ஒரு நீண்ட இழை

1/
போன வாரம் காய்ச்சலுக்கு வந்த ஒரு கல்லூரித் தம்பி, சீட்டை வாங்கிக்கிட்டு கதவு வரைக்கும் போனவன் திரும்பி வந்தான். "சார், யூடியூப்ல மாசம் எவ்வளவு வருது?"

சிரிச்சேன். ஆனா அவன் சும்மா கேட்கலை. எட்டு மாசமா சமையல் வீடியோ போடுறானாம். பணம் வர்றதுக்கு விண்ணப்பிச்சு, போன மாசம் நிராகரிச்சுட்டாங்களாம். "விட்டுடலாமான்னு இருக்கு சார்."

வெளியே பதினோரு பேர் காத்திருந்தாங்க. அவனுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

2/
முதல்ல உண்மையைச் சொல்லிடறேன். ஐந்து வருஷத்துக்கு மேல ஆச்சு. என் சேனலுக்கு இன்னைக்கு ஒன்பதாயிரம் சப்ஸ்கிரைபர். நேத்து போட்ட வீடியோவை இதுவரை பார்த்தவர்கள் 212 பேர். மைக், விளக்கு, எடிட் பண்ற தம்பிக்குக் கொடுத்த காசு எல்லாத்தையும் கூட்டினா, நான் இன்னும் நஷ்டத்தில்தான் இருக்கேன்.

ஆக, இது வெற்றிக்கதை இல்லைங்க. கேஸ் ஷீட் மாதிரி படிங்க. என்ன ஆச்சு, எங்கே தப்பு பண்ணினேன், என்ன மருந்து வேலை செஞ்சது. அவ்வளவுதான்.

3/
2020 மே மாசம். ஊரடங்கு. எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிப் பக்கம். கிளினிக்கில் ஆள் இல்லை, போன் மட்டும் ஓயாம அடிக்குது. எல்லா அம்மாக்களும் ஒரே கேள்வி: "புள்ளைக்குக் காய்ச்சல், வெளிய வர முடியலை, பாராசிட்டமால் எத்தனை மில்லி கொடுக்கறது?"

நாப்பது தடவை ஒரே பதிலைச் சொன்ன பிறகுதான் இதை வீடியோவா போட்டா என்னன்னு தோணிச்சு. எடைக்குத் தகுந்த அளவு, பாட்டில்ல எந்த எண்ணைப் பார்க்கணும், எப்போ வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் ஆறு நிமிஷத்தில். போனை எவர்சில்வர் தண்ணி ஜக்கில் சாய்ச்சு வச்சு எடுத்தேன்.

ஒரு வாரத்தில் 43 பார்வை. அம்மா போன் பண்ணி, "நல்லா இருக்குப்பா, என்ன பேசறேன்னுதான் கேட்கலை" என்றார்.

4/
அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. வீடியோ ஏற்றும்போது "இது குழந்தைகளுக்கானதா?" என்று கேட்கும். குழந்தைக் காய்ச்சல் பற்றித்தானே பேசறோம்னு "ஆமாம்" போட்டேன். குழந்தைகள் சம்பந்தமா நான் போட்ட எல்லா வீடியோவுக்கும் "ஆமாம்"தான்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் வேற. பார்க்கப் போவது குழந்தைகளா என்பதுதான் கேள்வி. 2020 ஜனவரியிலிருந்து, "ஆமாம்" போட்ட வீடியோவில் கமெண்ட் பெட்டி இருக்காது. பார்ப்பவரின் விருப்பத்தை அறிந்து காட்டும் விளம்பரமும் வராது.

"ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுத மாட்டேங்கறாங்களே"ன்னு ஏழு மாசம் வருத்தப்பட்டேன். கமெண்ட் பெட்டியைப் பூட்டி சாவியை வச்சிருந்தது நான்தான். அக்கா பொண்ணு பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா.

5/
சரி, பணம் வர என்ன தகுதி? பலருக்குத் தெரியும், ஆனாலும் சொல்றேன். 2018-க்குப் பிறகு விளம்பர வருமானத்துக்கு 1000 சப்ஸ்கிரைபர், கடந்த 12 மாசத்தில் 4000 மணி நேரப் பார்வை வேணும். இல்லைன்னா 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வை. 2023-ல் 500 பேருக்கு ஒரு கீழ்ப்படி வைத்தார்கள். ஆனா அதில் விளம்பரப் பங்கு கிடையாது.

இதில் ரெண்டு பள்ளம் இருக்கு. ரெண்டிலும் விழுந்தேன்.

6/
முதல் பள்ளம்: ஷார்ட்ஸ். தேள் கொட்டினா என்ன செய்யணும்னு நாப்பது விநாடி போட்டது திடீர்னு ஓடுச்சு. 2021 நவம்பரில் 1000 சப்ஸ்கிரைபர் தாண்டிட்டேன். வீட்டில் கேசரி எல்லாம் கிண்டினாங்க. அப்புறம்தான் தெரிஞ்சது, ஷார்ட்ஸ் பகுதியில் பார்க்கிற நேரம் அந்த 4000 மணியில் சேராது. என் கணக்கில் இருந்தது 2600.

ரெண்டாவது பள்ளம்தான் மோசம். "கடந்த 12 மாசம்" என்பது நகர்ந்துக்கிட்டே இருக்கிற கணக்கு. இந்தப் பக்கம் புது மணி சேரும்போது, அந்தப் பக்கம் போன வருஷத்து மணி உதிரும். ஓட்டை வாளியில் தண்ணி இறைக்கிற மாதிரி.

7/
2022 ஜனவரியில் அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சது. அறுவை சிகிச்சை, பிசியோதெரபி, ராத்திரி முழிப்பு. மூணு மாசம் கேமராவைத் தொடலை.

மார்ச் கடைசியில் திறந்து பார்த்தா, 3600 வரைக்கும் ஏறியிருந்த மணி 2900-க்கு இறங்கியிருந்தது.

அன்னைக்கு ராத்திரி வந்த கோபத்தை இப்போ நினைச்சா வெட்கமா இருக்கு. அப்பா வாக்கர் பிடிச்சு முதல் தடவை நடந்த நாள் அது. நான் போனைப் பார்த்து முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். "ஏன்டா, நான் நடக்கறது உனக்குச் சந்தோஷமில்லையா?" என்று அப்பா கேட்டார். விளையாட்டாத்தான் கேட்டார். எனக்குச் சுருக்குன்னு ஆச்சு.

8/
அந்த நாளிலிருந்து ஒரு விதி வச்சேன். பிரஷர் நோயாளிகளிடம் நான் வழக்கமா சொல்றதுதான். வீட்டில் கருவி வாங்கி வச்சு ஒரு நாளைக்கு இருபது தடவை பிரஷர் பார்க்கிறவங்களுக்கு, பார்க்கிற பதற்றத்திலேயே பிரஷர் ஏறும். "நான் சொல்ற நேரத்துக்கு மட்டும் பாருங்க" என்பேன்.

எனக்கும் அதே மருந்து. சேனல் எண்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தடவை மட்டும் பார்ப்பேன். செயலியைப் போனிலிருந்து எடுத்துட்டேன். கை ரெண்டு வாரம் சும்மா சும்மா போனைத் தேடுச்சு. அப்புறம் அடங்கிடுச்சு.

9/
2022 அக்டோபரில் 4000 மணி தாண்டி விண்ணப்பிச்சேன். நிராகரிப்பு. காரணம்: மற்றவர்களின் காட்சிகளை மறுபடி பயன்படுத்துவது.

முதல்ல கொதிச்சேன். "நான் டாக்டர், என் குரல், என் விளக்கம், இது எப்படி இன்னொருத்தருது ஆகும்?" அப்புறம் என் வீடியோக்களை நோயாளி ரிப்போர்ட் பார்க்கிற மாதிரி ஒவ்வொண்ணா பார்த்தேன். இதயம் துடிக்கிற அனிமேஷன், சிறுநீரகத்துக்குள் ரத்தம் ஓடுற காட்சி எல்லாம் எங்கிருந்தோ எடுத்து ஒட்டினது. சில வீடியோவில் பாதி நேரம் அதுதான். தப்பு என்னுடையதுதான்.

முதல் நிராகரிப்புன்னா 30 நாள் கழிச்சு மறுபடி விண்ணப்பிக்கலாம். அந்த 30 நாளில் பதினோரு வீடியோவை நீக்கிட்டுத் திரும்ப எடுத்தேன். ஒரு வெள்ளைப் பலகை, மூணு கலர் மார்க்கர். நான் வரைஞ்ச சிறுநீரகம் முந்திரிக்கொட்டை மாதிரிதான் இருந்தது. ஆனா அது என்னுடைய முந்திரிக்கொட்டை. டிசம்பரில் ஒப்புதல் வந்தது.

10/
ஒப்புதல் வந்த பிறகு என்ன? விளம்பர வருமானத்தில் நீள வீடியோவுக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸுக்கு 45 சதவீதம் நமக்கு. ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண் தபாலில் வரும். நான் பழைய வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தேன். தபால்காரர் அண்ணன் என்னைத் தெரிஞ்சவர் என்பதால் தப்பிச்சேன். அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்பணும். நிரப்பலைன்னா அமெரிக்காவில் பார்ப்பவர்களிடமிருந்து வர்றதுல மட்டுமில்லை, மொத்தத்திலேயே பிடித்தம் ஆகலாம்.

100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். எனக்கு அது சேர 14 மாசம் ஆச்சு. எட்டாயிரத்துச் சொச்சம். அதை அப்படியே எடிட் பண்ற தம்பிக்குக் கொடுத்தேன். அவனுக்குப் பாக்கி அதுக்கு மேலே இருந்தது.

11/
இப்போ விஷயத்துக்கு வர்றேன். 2023 ஆகஸ்டில், மழைக்காலத்துக்கு முன்னாடி, பாம்புக்கடி பற்றி ஒரு வீடியோ போட்டேன். நான் ரொம்ப உழைச்சது அதுக்குத்தான். கட்டுவிரியன் கடிச்சா பல நேரம் வலியே இருக்காது, தடம்கூடத் தெரியாது. தரையில் படுத்திருந்தவர் விடியக்காலையில் வயிறு வலிக்குது, கண் இமை தூக்க முடியலைன்னு வருவார். கண்ணாடி விரியன் வேறு மாதிரி. கடிச்ச இடம் வீங்கும், ரத்தம் உறையாமல் போகும்.

முக்கியமா ஒண்ணு சொன்னேன். கயிறு, துண்டு, எதையும் இறுக்கிக் கட்டாதீங்க. கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. கட்டினதால் கறுத்துப்போன ஒரு காலின் படத்தை, அந்த நோயாளியின் சம்மதத்தோட, முகம் இல்லாமல் காட்டினேன்.

12/
மறுநாள் மஞ்சள் டாலர். விவரம் தெரியாதவர்களுக்கு: பச்சைன்னா விளம்பரம் முழுசா வரும். மஞ்சள்னா கொஞ்சம் வரும், இல்லைன்னா வரவே வராது. மனிதர் பார்த்து முடிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம். கேட்டேன். மஞ்சளாகவே இருந்தது.

விதியைப் படிச்சா காரணம் புரிஞ்சது. கோரமான காயத்தின் படத்துக்குப் பக்கத்தில் தன் சோப்பு விளம்பரம் வர எந்தக் கம்பெனி விரும்பும்? விளம்பரதாரர் பார்வை அது. என் பார்வை வேற. அந்தப் படம் இல்லைன்னா எங்க ஊரில் கயிறு கட்டுவதை நிறுத்த மாட்டாங்க.

ரெண்டு நாள் யோசிச்சு, அதை அப்படியே விட்டுட்டேன். கூடவே இன்னொண்ணு எடுத்தேன். படம் எதுவும் இல்லை. என் மனைவி கையை நீட்ட, கொலுசு, மோதிரம், வளையலைக் கழற்றணும், கட்டை வச்சு அசையாமல் தாங்கணும், கடிச்ச நேரத்தைக் குறிச்சுக்கணும், நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு செய்து காட்டினேன். அதுக்குப் பச்சை.

13/
அடுத்த சோதனை ஒரு போன் வடிவில் வந்தது. சர்க்கரையைக் குறைக்கும்னு ஒரு பொடி. "வீடியோவில் ரெண்டு நிமிஷம் சொல்லுங்க டாக்டர், நாப்பதாயிரம்." எனக்கு 14 மாசத்தில் வந்தது எட்டாயிரம்.

பொய் சொல்ல விரும்பலை, மனசு ஆடத்தான் செஞ்சது. மைக் பழுது, தம்பிக்குப் பாக்கி. ஆனா மருத்துவர் எந்த மருந்துக்கும் பரிந்துரை கொடுத்து விளம்பரத்தில் நிற்கக் கூடாதுன்னு 2002-ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிமுறை சொல்லுது. அதைவிட, அந்தப் பொடியை நம்பி ஒருத்தர் இன்சுலினை நிறுத்தினா, அவர் மயங்கி வந்து படுக்கப்போறது என் பெஞ்சில்தான்.

வேண்டாம்னு சொல்லிட்டேன். மனைவி ஒண்ணும் சொல்லலை. அந்த மாசம் மைக் மட்டும் வாங்கலை.

14/
2024 நவம்பர். நல்ல மழை. ராத்திரி பத்தரை. ஒரு பையன் பைக்கில் அவங்க அம்மாவை நடுவில் உட்கார வச்சு, பின்னாடி மாமா தாங்கிக்க, வந்து நிறுத்தினான். வரப்பில் மிதிச்சுட்டாங்க, கண்ணாடி விரியனா இருக்கலாம்.

காலைப் பார்த்தேன். கயிறு இல்லை. துண்டு இல்லை. பனை மட்டை ஒண்ணை ஓரமா வச்சு, சேலைத் துணியால் தளர்வா சுத்தியிருந்தான். கொலுசு கழற்றியிருந்தது. உள்ளங்கையில் பேனாவால் "9.20".

பாம்புக்கடி மருந்து என்கிட்ட இல்லை. அரசு மருத்துவமனைக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டு, ஆம்புலன்ஸில் கூடவே ஏறினேன். போற வழியில் கேட்டேன்: "இதெல்லாம் யார் தம்பி சொல்லிக் கொடுத்தா?"

"வாட்ஸப்ல ஒரு வீடியோ வந்துச்சு சார். யாரோ ஒரு டாக்டர்."

15/
நான் மாஸ்க் போட்டிருந்தேன். நான்தான்னு சொல்லலை. சொல்ற நேரமும் இல்லை. அந்த அம்மா ஒன்பது நாளில் வீட்டுக்குப் போனாங்க. காப்பாத்தினது அரசு மருத்துவமனையின் மருந்தும் செவிலியர்களும்தான். அதில் சந்தேகமே இல்லை.

ஆனா அந்த ஞாயிற்றுக்கிழமை எண்களைத் திறந்து பார்த்தேன். வாட்ஸப்பில் பதிவிறக்கி அனுப்புவது எந்தக் கணக்கிலும் ஏறாது. பார்வையில் இல்லை, மணியில் இல்லை, டாலரில் இல்லை. அந்தப் பையன் என் கணக்குப்படி இல்லவே இல்லாத ஒரு ஆள்.

16/
இதைச் சொல்லி "பணம் முக்கியமில்லை" என்று முடிக்க நான் தயாரில்லை. முக்கியம்தாங்க. எடிட் பண்ற தம்பிக்கு வீட்டு வாடகை இருக்கு. கஷ்டப்பட்டு செய்யறதுக்குக் கூலி கேட்பதில் தப்பே இல்லை.

நான் சொல்றது இதுதான். வருமான எண் ஒரு பரிசோதனை முடிவு. ஒரு முடிவை மட்டும் வச்சு நோயைத் தீர்மானிக்க மாட்டோம், ஆளையும் பார்ப்போம்.

17/
அதனால் அந்தச் சமையல் தம்பிக்கு, அவனை மாதிரி இருக்கிற உங்களுக்கு:

நிராகரிப்பில் காரணம் எழுதியிருக்கும். கோபம் ஆறின பிறகு படிங்க. பாதி நேரம் அது சரியா இருக்கும்.

ஒப்புதலை நம்பி வேலையை விடாதீங்க, கடனில் கேமரா வாங்காதீங்க. போனும் வெளிச்சமும் போதும். குரல் தெளிவா கேட்கணும், அதுக்கு மட்டும் செலவு பண்ணுங்க.

காசு கொடுத்து சப்ஸ்கிரைபரோ பார்வையோ வாங்காதீங்க. இருக்கிற சேனலும் போயிடும்.

எண்களை வாரம் ஒரு தடவை பாருங்க. அப்பா நடக்கும்போது அப்பாவைப் பாருங்க.

முடியலைன்னா நிறுத்தலாம். அது தோல்வி இல்லை. ஆனா நிராகரிப்பு வந்த ராத்திரியில் அந்த முடிவை எடுக்காதீங்க. ஒரு மாசம் கழிச்சு எடுங்க.

18/
தம்பி இதைப் படிச்சா: காய்ச்சல் குறைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். மூணு நாள் மாத்திரையையும் முழுசா போடு. அப்புறம் உன் சேனல் பேரைச் சொல்லாமலே போயிட்டே. வந்து சொல்லிட்டுப் போ, 213-ஆவது ஆளா நான் பார்க்கறேன்.

இந்த ஞாயிறு என் வீடியோ: மழைக்காலத்தில் தரையில் படுக்கிறவங்க ஏன் கொசுவலையை மெத்தைக்கு அடியில் நல்லா சொருகணும். கட்டுவிரியனுக்கும் அது ஒரு தடுப்பு. பார்ப்பவர்கள் பாருங்க. பதிவிறக்கி உங்க குடும்பக் குழுவில் போடறவங்க தாராளமா போடுங்க. கணக்கில் ஏறாட்டியும் பரவாயில்லை.

உங்க கதை இருந்தா கீழே எழுதுங்க. கமெண்ட் பெட்டி திறந்துதான் இருக்கு, ரெண்டு தடவை பார்த்துட்டேன்.