சிற்றுயிர்க்கும் ஒரு பெயர்

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையும், 27ஆவது எறும்பின் பெயரையும், 29ஆவது சிலந்தியின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. தொல்காப்பிய மரபியலும் எறும்புக்கும் சிதலுக்கும் மூவறிவு, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு என வகுத்துரைக்கிறது. மறையும் மரபும் மதித்துப் பேசிய சிற்றுயிர்களை நாம் 'பூச்சி' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம்.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் துறைமுகமும் சரக்கு லாரிகளும் ஆலைப் புகைபோக்கிகளுமே நம் கண்ணை நிறைக்கின்றன. ஆயினும் எண்ணூர்க் கழிமுகத்து அலையாத்திச் செடிகளின் அருகே கைப்பேசியுடன் அரைமணி நேரம் அமைதியாக நின்றால் வேறோர் உலகம் புலப்படும்.

படமெடுப்பது எளிது, இனங்காண்பதே அரிது. முதலில் கால்களை எண்ணுகிறோம். வளர்ந்த பூச்சிக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. 'எட்டுக்கால் பூச்சி' என்ற மக்கள் வழக்கே இவ்வேறுபாட்டைக் குறித்து வைத்திருக்கிறது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைப் போன்றே தோன்றும் தாவும் சிலந்தி ஒன்று உண்டு. முன்னங்கால்களை எறும்பின் உணர்கொம்புகள் போல் உயர்த்திக்கொண்டு அது நடக்கும். படத்தைப் பெருக்கினால் எட்டுக் கால்களும், முகத்தில் இரு பெருங்கண்களும் உண்மையை உரைத்துவிடும். கண்கள் அமைந்த முறையே சிலந்தியின் குடும்பத்தை அறியச் சிறந்த அடையாளம். ஆதலால் மேலிருந்து ஒன்றும் முகத்துக்கு நேராக ஒன்றும் என இரு படங்களேனும் வேண்டும். நுண்ணோக்கியின்றித் துணிய இயலாத இனங்களும் பல. அங்கே பேரினத்தின் பெயரோடு நின்றுவிடுவதே நேர்மை.

மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்கும் தட்டான்களுள் ஒன்றுக்கு 1798இல் ஃபாப்ரீசியஸ் பெயர் சூட்டினார். பான்டலா ஃபிளாவெசென்ஸ் எனப்படும் அது, இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவை அடைகிறது என்ற கருத்தை 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் முன்வைத்தார். நம் தெருவில் பறப்பது அத்தகைய கடலோடி இனம்!

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகமெங்கும் படர்ந்தது. படகுகளிலும் வலைகளிலும் படிந்த கறையை அனைவரும் கண்டனர். செடிகளின் அடியில் மடிந்த சிற்றுயிர்களுக்காக யார் வழக்குரைப்பார்? முன்பு இருந்தவை இன்னவை என்று அறிந்தாலன்றோ இழந்தவற்றைக் கணக்கிட முடியும்! நாளும் இடமும் குறித்த ஒவ்வொரு படமும் அதற்கொரு சாட்சியம். சாட்சியத்தை மறைத்தல் ஆகாது என்பது நமக்கு விதிக்கப்பட்ட நெறி. மாணவச் செல்வங்களே, படைத்தவன் வீணாக எதையும் படைக்கவில்லை என்று நம்புகின்ற நாம், அவன் படைப்புகளின் பெயர்களையேனும் அறிந்து எழுதி வைப்போமாக!