அப்பாவின் சவரக்கத்தி

போன தை மாதம் வெள்ளையடிப்பதற்காகப் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினபோது அப்பாவின் அடைப்பம் கிடைத்தது. நம் வயதுக்காரர்களுக்கு அடைப்பம் என்றால் தெரியும். கத்தி, கத்தரி, கிண்ணி, தீட்டுக்கல் எல்லாம் போட்டு, சவரத்தொழில் செய்பவர் வீடு வீடாகக் கொண்டுபோகும் தோல் பை. ஆமாம், என் அப்பா முடிதிருத்துபவர். இத்தனை வருடமாக உங்களுக்கு என்னென்னவோ எழுதியிருக்கிறேன், இதை மட்டும் எழுதினதில்லை.

அலுவலகத்திலும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் "அப்பா விவசாயம்" என்பேன். எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அறுவடைக் களத்தில் அவருக்கு அளந்து போட்ட தானியம்தான் எங்களுக்கு விவசாயம்.

பைக்குள் கத்தி துருவேறிக் கிடந்தது. வால் பக்கம் துடைத்துப் பார்த்தால் 'சோலிங்கன்' என்ற எழுத்து. ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்ப் பெயரைக் கண்டவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1938லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. "சீமைக் கத்திடா, தொடாத" என்பார். நான் தொட்டால் அடி விழும். வெட்டிக்கொள்வேன் என்றல்ல, தொழில் கையில் ஒட்டிக்கொண்டால் படிப்பு போய்விடும் என்ற பயம் அவருக்கு.

1990களில் எய்ட்ஸ் பயம் பரவி, வருகிற ஆட்களெல்லாம் "புது பிளேடு போடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டது நியாயம்தான். அப்பா பாதி பிளேடு மாட்டுகிற கத்திக்கு மாறினார். இது பரணுக்குப் போயிற்று.

துரு ஒரு விசித்திரமான இடத்தில் இருந்தது. கைப்பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் பகுதியில்தான் அதிகம். விசாரித்ததில் காரணம் தெரிந்தது. அந்தப் பிடி செல்லுலாய்டு. கற்பூரம் சேர்த்துச் செய்கிற பொருள். பழசாகிச் சிதையும்போது அதிலிருந்து அமில ஆவி கிளம்பி, பக்கத்தில் இருக்கிற எஃகைத் தின்றுவிடுமாம். காப்பாற்ற வேண்டிய உறையே கத்தியை அரித்திருக்கிறது. பிடியைக் கழற்றித் தூர எறிந்தேன்.

தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நல்லவேளை கொடுக்கவில்லை. சவரக்கத்தியின் வாய் காகிதம் மாதிரி மெல்லிசு. சக்கரத்தில் வைத்தால் சூடேறி நீலம் பாய்ந்துவிடும், பதம் போய்விடும். அப்புறம் அது காய் நறுக்கக்கூட ஆகாது. 600, 1000, 2000 என்று வாட்டர் பேப்பர் வாங்கி, தையல் மிஷின் எண்ணெய் விட்டு, கையாலேயே தேய்த்தேன். பதினோரு நாள். வீட்டுக்காரி "இதுக்கு ஒரு புதுசே வாங்கிருக்கலாம்" என்றாள். துரு போனது, குழிகள் கொஞ்சம் நின்றுவிட்டன. எழுத்திலும் பாதி போயிற்று. அது என் அவசரம்.

புதுப் பிடிக்கு, உடைந்த பழைய நாற்காலியின் தோதகத்திக் கால் ஒன்று இருந்தது. இரண்டு பட்டையாக அறுத்து அரத்தால் ராவினேன். மாட்டுவதற்கு ஒன்றரை மில்லிமீட்டர் சுமாருக்குப் பித்தளைக் கம்பி வேண்டும், இரண்டு முனையையும் தட்டிப் பரத்த வேண்டும். நான் தட்டின தட்டில் ஒரு பட்டை விரிந்துவிட்டது. நாற்காலிக்கு இன்னும் ஒரு கால் இருந்ததால் பிழைத்தேன்.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பித்தளை வேலைக்கு எங்கே போவது? நாகல்நகர் பக்கம் பூட்டுப்பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். 2019ல் நம் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பட்டறைகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "யாரு கத்தி சார் இது?" என்றார்.

"எங்க அப்பாவோடது. முடிவெட்டுற தொழில்."

வாய்க்கு வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்ப ரொம்ப இறுக்கிரக் கூடாது. ஒரு விரல்ல தொறக்கணும்ல" என்று சொல்லி, சின்னச் சுத்தியலால் கம்பியின் தலையைச் சுற்றிச் சுற்றி, கொசு அடிக்கிற மாதிரி தட்டினார். ஐந்து நிமிடம். என் பதினோரு நாளை நினைத்துக்கொண்டேன்.

தீட்டுவது மட்டும் பாக்கி. அப்பா சொல்லிக்கொடுக்காததை, திண்ணையில் உட்கார்ந்து பார்த்த ஞாபகத்திலிருந்து செய்தேன். முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படிய வேண்டும். முதுகைத் தூக்கினால் கூர் கெடும். கல்லில் வாய் முன்னே போகும், தோல் வாரில் முதுகு முன்னே போகும். மாற்றினால் வார் அறுந்துவிடும். வாருக்குப் பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான் சரி, குரோம் தோல் இழுபடும். பேகம்பூரில் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். கடைசியில் அப்பா உள்ளங்கையிலும் நாலு தேய் தேய்ப்பார். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை சோப்பு நுரை போட்டுக் கண்ணாடி முன் நின்றேன். வலது கன்னம் நன்றாகவே வந்தது. தாடையில் திரும்பும்போது கீறிவிட்டது. அடைப்பத்தில் அப்பாவின் படிகாரக் கட்டி அப்படியே இருந்தது. நனைத்து வைத்தேன். சுரீரென்று எரிந்தது, ரத்தம் நின்றது.