விடைப் பத்தி

1999-இல் வட்டிக் கணக்கு புரோகிராம் ஒன்றைச் சோதிக்கும் வேலை எனக்கு. தேதி, கூட்ட வேண்டிய நாட்கள், வரவேண்டிய விடை என்று ஒரு கோப்பில் 300 வரிகள். 'ஆக்' ஸ்கிரிப்ட் ஒன்று அதைப் படித்து, வரிக்கொரு சோதனையாக சி நிரல் எழுதித் தந்துவிடும். எல்லாமே பாஸ். எனக்கு ஒரே பெருமை.

பக்கத்து இருக்கை மேடம் கேட்டார்: "விடைப் பத்தியை எப்படி சார் நிரப்பினீங்க?"

"இதே புரோகிராமை ஓட்டித்தான்."

"அப்போ அது தன் பேப்பரைத் தானே திருத்திக்கிச்சு!"

காலண்டரை வைத்துக் கையால் சரிபார்த்தேன். 2000 பிப்ரவரி 28-க்கு மறுநாள் மார்ச் 1 என்றிருந்தது. 100-ஆல் வகுபடும் ஆண்டு லீப் அல்ல. ஆனால் 400-ஆல் வகுபட்டால் லீப். அந்த இரண்டாம் விதி புரோகிராமில் இல்லை.

கோப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினேன். சோதனை ஃபெயில். ஃபெயிலானதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.